எலக்ட்ரானுக்கு என்ன விலை?

மாணவர்களே, கிள்ளையை அடுத்த பிச்சாவரம் உப்பங்கழியில் வெண்கண்டல் (அவிசென்னியா) மரங்கள் இருக்கின்றன. வெயில் நேரத்தில் அவற்றின் இலையைத் தடவிப் பாருங்கள். உப்புத் துகள்கள் விரலில் நெறுநெறுக்கும். வேர் வழியே புகுந்த கடல் உப்பில் ஒரு பகுதியை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றிவிடுகின்றன.

அந்த உப்பில் சோடியம் எப்போதும் ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த அயனியாகவே இருக்கிறது. இரண்டை இழப்பதில்லை. ஏன்?

'சோடியம் தன் எலக்ட்ரானை விரும்பிக் கொடுக்கிறது' என்று சொல்வதுண்டு. அணுவுக்கு விருப்பம் ஏது? எலக்ட்ரானை அணுக்கரு இழுத்துப் பிடித்திருக்கிறது. அதைப் பிரிக்க ஆற்றல் செலவிட்டே ஆக வேண்டும். வாயு நிலையிலுள்ள தனி அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றலே முதல் அயனியாக்கும் ஆற்றல்.

தனிம அட்டவணையின் மூன்றாம் வரிசையைப் பாருங்கள். ஒரு மோல் அணுக்களுக்கு, கிலோ ஜூலில்:

சோடியம் 496, மக்னீசியம் 738, அலுமினியம் 578, சிலிகன் 787, பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000, குளோரின் 1251, ஆர்கான் 1521.

இடமிருந்து வலமாகச் செல்லும்போது புரோட்டான்கள் கூடுகின்றன, வெளிக்கூடோ மாறுவதில்லை. ஆகவே இழுவிசை வலுக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் மதிப்பு சற்று இறங்குகிறதே! அலுமினியத்தின் கடைசி எலக்ட்ரான் ஆற்றல் மிகுந்த 'பி' துணைக்கூட்டில் இருப்பதால் எளிதில் பிரிகிறது. கந்தகத்திலோ ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கி, ஒன்றையொன்று விலக்குகின்றன.

மேலிருந்து கீழே வந்தால், கூடுகள் பெருகி வெளி எலக்ட்ரான் தொலைவாகிறது. அதனால் சோடியம் 496, பொட்டாசியம் 419, சீசியம் 376 என்று மதிப்பு குறைகிறது.

சரி, சோடியத்துக்கான 496-ஐ யார் கொடுப்பது? குளோரின் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது 349 வெளிப்படுகிறது. இன்னும் 147 குறைகிறது. வாயு நிலை அயனிகள் படிகமாக அடுங்கும்போது வெளிப்படும் 787 அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

சோடியத்தின் இரண்டாம் எலக்ட்ரானோ உட்கூட்டில் இருக்கிறது. அதன் விலை 4562. ஒன்பது மடங்குக்கும் மேல்! அதை ஈடுகட்ட எந்தப் படிகத்தாலும் இயலாது. உப்பில் சோடியம் ஓர் எலக்ட்ரானோடு நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

மக்னீசியத்தின் முதல் மூன்று மதிப்புகள் 738, 1451, 7733. கடல்நீரில் அது எத்தனை எலக்ட்ரான்களை இழந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.