உங்களுக்குத் தெரியுமா? காய் நகர்ந்தால் கணக்கு வரும்

● ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள், அவற்றில் 1 முதல் 10 வரை எண்கள். முள்ளைச் சுழற்றினால் 1 அல்லது 2 விழும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்து மழலையர்களை இந்த ஆட்டம் ஆட வைத்தார்கள் உளவியலாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும். இரண்டு வாரத்தில் நான்கே முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். எது பெரிய எண், எந்த எண் எங்கே வரும் என்பதில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது மறக்கவில்லை. இந்த ஆய்வு 2008-இல் வெளியானது.

● அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்குக் கொடுத்த பலகையில் எண்களுக்குப் பதில் நிறங்கள் இருந்தன. குதூகலம் அதே அளவு இருந்திருக்கும்; எண்ணறிவு மட்டும் வளரவில்லை. வகுப்பில் ஆட்டத்தைக் கொண்டுவரும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்தக் குழுவை நினைவில் வைக்க வேண்டும். நகர்த்தும் காயிலேயே பாடம் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதாது.

● பரமபதம் ஆடும் பிள்ளை 45-ஆம் கட்டத்தில் இருக்கிறது, தாயத்தில் 3 விழுகிறது. “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி நகர்த்துவதே வழக்கம். “நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். நூறு கட்டப் பலகையில் இப்படி ஆடிய பிள்ளைகளே அதிகம் கற்றார்கள் என்று 2014-இல் லாஸ்கியும் சீக்லரும் காட்டினார்கள். காசு செலவில்லை, பலகையும் மாற வேண்டியதில்லை.

● பல்லாங்குழியில் ஓர் ஆட்டம் முடிந்ததும் குழிக்கு ஐந்தாகத் திரும்ப நிரப்புகிறோம். கையில் 33 சோழி இருந்தால் ஆறு குழி நிறையும், 3 மிஞ்சும், ஏழாவது குழி காலி. மீதியோடு வகுத்தல் என்று மூன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவது இதைத்தான். ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே எந்தக் குழியில் மூன்று கிடக்கிறது என்று பிள்ளையின் கண் ஓடிக்கொண்டே இருக்கும். கையால் தடவியே எண்ணலாம் என்பதால் பார்வையற்ற பிள்ளையும் சமமாக ஆடலாம். பள்ளிகளில் இந்தப் பலகை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான ஆசை.

● துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ‘ஜிக்சா’ புதிர் பூகோளப் பாடத்துக்காகப் பிறந்தது. 1760-களில் லண்டன் வரைபடக்காரர் ஜான் ஸ்பில்ஸ்பரி வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து விற்றார்.

● ‘மோனோபோலி’க்கு மூத்தது, எலிசபெத் மேகி 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆட்டம். நிலத்தை வைத்திருப்பவர் வாடகையாலேயே கொழுப்பதையும் மற்றவர்கள் நொடிந்துபோவதையும் ஆடுபவர்கள் உணர வேண்டும் என்பதற்காகவே அவர் அதை வகுத்தார்.

● 1971-இல் மினியாபொலிஸ் நகரில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்தப் பயிற்சி ஆசிரியராக வந்தார் டான் ராவிட்ச். மாட்டு வண்டிகளில் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்களைப் பற்றிய பாடம். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அதைக் கணினி விளையாட்டாக்கினார்; அதுதான் ‘ஓரிகன் ட்ரெயில்’. திரை கிடையாது. தொலைவிலிருந்த கணினியோடு இணைந்த தட்டச்சு இயந்திரம் விடையைக் காகிதத்தில் அடித்துத் தரும். உணவுக்கு எவ்வளவு, மாடுகளுக்கு எவ்வளவு என்று பணத்தைப் பிரிப்பதில் தவறினால் வழியிலேயே உயிர் போகும்.

● ஆட்டத்துக்குப் பரிசு அறிவிக்கும் முன் ஒரு செய்தி. ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசில்லாத ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் வரைந்ததில் பாதி அளவே அவர்கள் வரைந்தார்கள். 1973-இல் வெளியான ஆய்வு இது. முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை.