காட் மீனுக்காக மோதிக்கொண்ட கூட்டாளிகள்

ராணுவமே இல்லாத ஒரு நாடு, பிரிட்டிஷ் கடற்படையை மூன்று முறை விட்டுக்கொடுக்க வைத்தது. அந்த நாடு ஐஸ்லாந்து. இத்தனைக்கும் பிரிட்டனும் ஐஸ்லாந்தும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அணி. 1949-இல் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் இரண்டும் உண்டு.

சண்டை காட் மீனுக்காக. ஐஸ்லாந்துக்கு அன்று ஏற்றுமதி என்றாலே மீன்தான். பிரிட்டனுக்கோ ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் பிழைப்பே ஐஸ்லாந்தைச் சுற்றியுள்ள கடலின் மீனை நம்பியிருந்தது. ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958-இல் 12 கடல் மைல், 1972-இல் 50, 1975-இல் 200 என்று தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் தன் மீன்பிடிக் கப்பல்களுக்குக் காவலாகப் போர்க்கப்பல்களை அனுப்பியது.

ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் படையிடம் இருந்ததோ ஒரு சில ரோந்துக் கப்பல்கள்தான். கூடவே, 1972-இல் களமிறக்கிய ஒரு கருவி: கூர்மையான வெட்டுமுனைகள் கொண்ட கொக்கி. அதைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு பிரிட்டிஷ் கப்பலின் பின்புறமாகக் குறுக்கே பாய்வார்கள். கொக்கி மாட்டினால் வலையின் எஃகு வடம் அறுந்துவிடும். வலையும் அதிலிருந்த மீனும் கடலோடு போகும். தடுக்க வந்த போர்க்கப்பல்களும் ரோந்துக் கப்பல்களும் பக்கவாட்டில் இடித்துக்கொண்டன.

ஆனால் ஐஸ்லாந்தின் உண்மையான பலம் கரையில் இருந்தது. அட்லாண்டிக்குக்கு வரும் சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க, கெஃப்லாவிக்கில் இருந்த அமெரிக்கத் தளம் நேட்டோவுக்கு மிக அவசியம். நேட்டோவை விட்டே விலகிவிடுவோம் என்ற ஐஸ்லாந்தின் மிரட்டலைக் கேட்டு வாஷிங்டனும் பிரஸ்ஸல்ஸும் பதறின. 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரிட்டனுடன் தூதரக உறவையே முறித்தது. நேட்டோவின் பொதுச் செயலாளர் ஜோசப் லுன்ஸ் சமரசத்துக்கு இறங்கினார். ஜூன் 1-இல் ஆஸ்லோவில் உடன்பாடு: ஆறு மாதத்துக்கு, ஒரே நேரத்தில் 24 பிரிட்டிஷ் கப்பல்களுக்கு மட்டும் அனுமதி. அப்போது பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஆண்டனி கிராஸ்லாண்ட், கிரிம்ஸ்பி தொகுதியின் எம்.பி.! தன் தொகுதிக்காரர்களின் வயிற்றில் அடிக்கும் உடன்பாட்டுக்கு அவரே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

1977 ஜனவரியில் பிரிட்டனும் தனக்கு 200 கடல் மைல் எல்லையை அறிவித்துக்கொண்டது. இரு நாட்டு உறவும் சீரானது, நேட்டோவும் உடையவில்லை. வேலையிழந்த ஹல், கிரிம்ஸ்பி மீனவர்களைத் தற்காலிகத் தொழிலாளர்கள் என்று சொல்லிக் கைகழுவினார்கள். பிரிட்டிஷ் அரசு அவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது 2000-இல்தான். கூட்டணியின் பாதுகாப்புக்கான விலை, பேச்சுவார்த்தை மேசைக்கு யாரும் அழைக்காதவர்கள் தலையில் விழுந்தது.