25 சதுர மீட்டர்ல ஒரு எக்ஸாம்!

உங்ககிட்ட ஒரு கேள்வி பாஸ். அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி ஒரு சதுரம் போடணும். மூலை நாலும் சரியா 90 டிகிரியில இருக்கான்னு எப்படி செக் பண்ணுவீங்க? 'குறுக்கே அளந்தா 7.07 மீட்டர் வரணும்'னு டக்குனு சொல்லிட்டீங்களா? அப்போ வயக்காட்டுல உங்களுக்கு ஒரு வேலை இருக்கு!

போன பொங்கல் லீவுல டெல்டா பக்கம் சித்தப்பா ஊருக்குப் போனப்பதான் இதை நேர்ல பார்த்தேன். பேரு, பயிர் அறுவடைப் பரிசோதனை. பயிர்க் காப்பீட்டில் ஊருக்கு இழப்பீடு உண்டா, எவ்வளவு என்று முடிவு பண்ணுவதில் முக்கியமானது இதுதான். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது நாலு சோதனை. சர்வே நம்பரை ரேண்டமாகத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து ரேண்டம் எண்படி நீளவாக்கில், அகலவாக்கில் நடந்து முளைக்குச்சி அடிக்கணும். சதுரத்துக்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடணும். அதை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் மகசூல்.

இங்கதான் விஷயமே. உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 5,000 கிலோன்னு வைங்க. சோதனைகளின் சராசரி 10 கிலோ என்றால் 4,000. அதாவது 20 சதவீதம் குறைவு. ஏக்கருக்கு 30,000 ரூபாய் காப்பீடுன்னா 6,000 ரூபாய் கிடைக்கும். சராசரி 11 கிலோ ஆகிட்டா? வெறும் 3,600!

ஒரு கிலோ எப்படிக் கூடும்னு கேக்குறீங்களா? நாலு பக்கமும் கயிறு 10 சென்டிமீட்டர் வெளியே தள்ளினாலே பரப்பு 27.04 சதுர மீட்டர். எட்டு சதவீதம் அதிகம். ஓரத்தில் நிற்கும் பயிரையும் சேர்த்து அறுக்க கை துறுதுறுக்கும். சதுரம் சின்னதாக ஆக இந்தத் தப்பு பெருசாகும். 1940-களில் மகலனோபிஸ் சின்ன வட்டங்களில் அறுத்துக் கணக்கு எடுத்தார். அதில் மகசூல் கூடுதலாகத் தெரியும் என்று சுகாத்மே கிளப்பிய சர்ச்சை புள்ளியியலில் பெரிய சண்டை. நம்ம ஸ்டாட்ஸ் புக்கில் ஏன் இதைச் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னுதான் தெரியல!

அன்னிக்கு விழுந்த நம்பர், வாய்க்கால் தாண்டி உள்ளே இருந்த வயல். முழங்கால் சேறு. வந்தவங்கள்ல ஒருத்தர், "ரோட்டோரமாவே போட்டுடலாமே" என்றார். சித்தப்பா விடலை. "சார், அந்த வயலுக்கு போர் தண்ணி இருக்கு. உள்ளே இருக்கிறவன் வாய்க்காலை நம்பிப் போட்டவன்."

ஆங்கிலேயர் ராபர்ட் சேம்பர்ஸ் சொன்னதும் இதேதான். 1970-களில் நம்ம வட ஆற்காடு கிராமங்களில் ஆய்வு செய்தவர் அவர். காரில் வந்து ரோட்டோரத்தை மட்டும் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் எட்டியே பார்க்காமல் ரிப்போர்ட் எழுதுகிறவர்களை 1983-ல் வந்த தன் புத்தகத்தில் கிழி கிழியென்று கிழித்தார்.

நெல்லோட முடியலை. தடுப்பணை கட்டினாங்க, கிணத்துல தண்ணி ஏறிடுச்சு, திட்டம் சக்சஸ்னு சொன்னா உடனே நம்பிடாதீங்க. அந்த வருஷம் மழை எவ்வளவு? தடுப்பணை இல்லாத பக்கத்து ஊர்க் கிணத்துல என்ன ஆச்சு? கட்டுறதுக்கு முன்னாடி யாராவது அளந்து வெச்சாங்களா? மூணுக்கும் பதில் இல்லேன்னா அது ஆய்வு இல்லை, விளம்பரம்.

இதெல்லாம் கத்துக்கப் பெரிய செலவில்லை. மேப்புக்கு க்யூஜிஐஎஸ், கணக்குக்கு 'ஆர்', ரெண்டுமே இலவச சாஃப்ட்வேர். கேள்வி கேட்கும் கலைதான் கஷ்டம். "திட்டத்தால நன்மையா?"ன்னு கேட்டா எல்லாரும் 'ஆமாம்'னுதான் சொல்வாங்க. "போன வருஷம் எத்தனை தடவை தண்ணி பாய்ச்சினீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க.

கடைசியில சேத்துல இறங்கித்தான் கயிறு கட்டினாங்க. டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சது நான். முதல் தடவை குறுக்களவு 7.3 வந்தது. பிரிச்சுட்டு மறுபடி கட்டினோம்.