இளம் மூளை விஞ்ஞானிகள்: நிதியுடன் வழிகாட்டுதலும் தேவைப்படுவது ஏன்?

புதுதில்லி: சொந்த ஆய்வகத்தைத் தொடங்கும் முதல் ஐந்து ஆண்டுகளே ஓர் இளம் விஞ்ஞானியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. மூளை ஆராய்ச்சியில் இக்காலகட்டம் கூடுதல் சவால் நிறைந்தது. நினைவாற்றலை ஆராய்வதற்கு எலிகளைப் பழக்கவே பல வாரங்கள் ஆகும். உயிருள்ள மூளையில் நரம்பு செல்களின் செயல்பாட்டைக் காட்டும் நவீன நுண்ணோக்கியின் விலையோ கோடிகளில் உள்ளது.

எங்கிருந்து நிதி கிடைக்கிறது?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டத்தில் 5 ஆண்டுகளுக்கு மாதம் ரூ.1.25 லட்சம் உதவித்தொகையும், ஆண்டுக்கு ரூ.7 லட்சம் ஆய்வு நிதியும் வழங்கப்படுகின்றன. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பிரதமர் தொடக்கநிலை ஆராய்ச்சி மானியம், 3 ஆண்டுகளில் ரூ.60 லட்சம் வரை அளிக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் அமைப்பும் 2008-இல் உருவாக்கிய இந்தியா அலையன்ஸ், உயிரி மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஐந்தாண்டு நிதிநல்கைகளை வழங்கி வருகிறது.

எனினும் ஆண்டுக்கு ரூ.7 லட்சத்தைக் கொண்டு நவீன நுண்ணோக்கியை வாங்க இயலாது. எனவே, புதியவர்கள் தாம் பணிபுரியும் நிறுவனத்தின் பொதுக் கருவிகளையே சார்ந்திருக்கின்றனர். ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்களில் இவ்வசதி உண்டு. கருவி வசதி குறைந்த பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்கு அதே தொகை போதுமானதாக இருப்பதில்லை.

வழிகாட்டியின் பங்கு என்ன?

எந்தக் கருவியை முதலில் வாங்குவது, விலங்கு ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் அனுமதியை எவ்வாறு பெறுவது, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை எவ்வாறு திருத்துவது ஆகியவற்றைப் பாடநூல்கள் கற்பிப்பதில்லை. அனுபவமிக்க மூத்த விஞ்ஞானியே இவற்றைக் கற்றுத்தர முடியும்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கி வழிநடத்திய பழ ஈக்கள் குறித்த ஆய்வு இதற்குச் சான்றாகும். அவரிடம் மாணவியாகச் சேர்ந்த வெரோனிகா ரோட்ரிக்ஸ், வாசனையையும் சுவையையும் உணரும் நரம்பு அமைப்பின் மரபியலை ஆராய்ந்தார். பின்னர் தனி ஆய்வகம் அமைத்து, அடுத்த தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார்.

தற்போது இத்தகைய உறவு ஒரே நிறுவனத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. இண்டியாபயோசயின்ஸ் அமைப்பு 2009 முதல் நடத்தும் இளம் ஆய்வாளர்கள் கூட்டம், புதிதாக ஆய்வகம் தொடங்கியோரை மூத்த விஞ்ஞானிகளுடன் இணைக்கிறது.

தாமதம் நேர்ந்தால்?

அடுத்த தவணை நிதி தாமதமானாலும் ஆய்வு விலங்குகளுக்கு அன்றாடம் உணவளித்தாக வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளர் ஊதியமின்றிக் காத்திருக்க மாட்டார். இடையில் நின்ற பரிசோதனையை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரிடலாம். இன்ஸ்பயர் போன்ற திட்டங்கள் நிரந்தரப் பணிக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை என்பதால், ஐந்தாண்டுகளில் ஓராண்டை இழந்தாலும் இளம் விஞ்ஞானிக்கு அது பேரிழப்பாகும். ஆகவே, நிதியின் அளவைப் போலவே அது உரிய காலத்தில் சென்றடைவதும் முக்கியமாகிறது.