அடுத்த நூற்பாவையும் படியுங்கள்

வரன் பார்க்கத் தொடங்கினால் முதலில் கைமாறுவது ஜாதகம். தினம், கணம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ரஜ்ஜு தட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பையன் கோபக்காரனா, பெண் பொறாமைக்காரியா என்று விசாரிக்கத்தான் நமக்கு நாக்கு எழுவதில்லை.

தொல்காப்பியரும் பத்துப் பொருத்தம் சொன்னவர்தான். பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவை என்று பிறப்பு, குடிமை, ஆண்மை, வயது, உருவம், காதல், நிறை, அருள், உணர்வு, திரு ஆகியவற்றை அடுக்குகிறார். மேடையில் இதை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அடுத்த நூற்பாதான் பெரிது. இருவரிடமும் எவையெல்லாம் இருக்கக் கூடாது என்பதை அது சொல்கிறது: பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியத்தல், புறங்கூறல், வன்சொல், சோம்பல்... தன் குடிப்பிறப்பை நினைத்து இன்புறுவதும் அதே வரிசையில் நிற்கிறது. பிறப்பையும் குடிமையையும் பொருத்தத்தில் முதலில் வைத்தவர், அவற்றைச் சொல்லிப் பூரிப்பதைக் குற்றத்தில் சேர்த்துவிட்டார். சாதிப் பெருமைக்காகப் பெற்ற பிள்ளையையே கொல்பவர்கள் உள்ள மண்ணில் இந்த நூற்பாவை உரக்கப் படிக்க வேண்டும்.

இளைஞர்கள் இந்தப் பட்டியலை முதலில் தங்களிடமே வைத்துப் பார்க்கலாம். அம்மாவிடம் தினமும் எரிந்து விழுபவன் மனைவியிடம் மட்டும் இனிமையாகப் பேசிவிடுவான் என்று நான் நம்பவில்லை. பழகிய தோழியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசும் பெண், நாளை கணவனைப் பற்றியும் அப்படித்தான் பேசுவாள். நாக்கு இருபது வயதில் பழகுவதுதான். தாலி கட்டிய மறுநாள் அது மாறிவிடாது.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். இன்றும், “எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்” என்ற பேச்சு கூடத்தில் எழுகிறது. அப்போது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண் கவனிக்கட்டும். தலையைக் குனிந்து காபியைக் குடித்துக்கொண்டிருந்தால் அதுவே அவருடைய பதில். அந்தப் பேச்சை வெட்டி, “அப்பா, அது வேண்டாம்” என்று சொல்பவர் கிடைத்தால், ஒன்றிரண்டு பொருத்தம் குறைந்தாலும் பேசி முடிக்கலாம்.

நிச்சயதார்த்தத்துக்கு முன் இருவரையும் தனியாகப் பேசவிடும் வீடுகள் இப்போது கூடியிருக்கின்றன. நல்ல காரியம். அந்த நேரத்தைச் சம்பளத்திலும் பிடித்த படத்திலும் தீர்த்துவிடாதீர்கள். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று கேளுங்கள். உங்களிடம் அதையே கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருங்கள்.