மட்டாஞ்சேரியின் தரைமட்டம்

1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறையை மண்ணால் மூடி, தெற்கே கொச்சிக் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். கொச்சி நகரின் பகுதியான மட்டாஞ்சேரியின் மிளகு வணிகம் அந்தத் திறப்பை நம்பி வளர்ந்தது.

கழிமுகத்துக்கு வெளியே மணல்திட்டு இருந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. 1920-இல் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ வந்தார். திட்டு வெட்டப்பட்டு, 1928-இல் கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு உருவானது. சரக்கு அங்கே போனது. 2011-இல் கன்டெய்னர்கள் வல்லார்பாடத்துக்குப் போயின. மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் பல கிடங்குகள் காலியாயின.

2012-இல் கொச்சி-முசிறி பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியது. கிடங்குகளுக்குள் கலைக்கூடங்களும் காப்பிக் கடைகளும் வந்தன. 2025 அக்டோபரில் நீர் மெட்ரோ படகு முனையமும் வந்தது. அதற்கு முன், மண் படிந்ததால் மட்டாஞ்சேரி படகுத்துறை சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. கப்பல் வழியின் ஆழம் குறையாமலிருக்கத் துறைமுகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி கன மீட்டர் சேற்றை அள்ளுகிறது. அள்ளாத இடத்தில் சேறு தங்குகிறது.

இங்கே ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அளவு, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால்தான் பண்டகசாலைகளை நீரின் விளிம்பிலேயே கட்ட முடிந்தது. பின்வாசலில் வள்ளத்தை நிறுத்தி மூட்டை இறக்கினார்கள். தரை அந்த ஒரு மீட்டரை நம்பிப் போடப்பட்டது. நாசா 2021-இல் வெளியிட்ட கணிப்பின்படி, இந்த நூற்றாண்டின் முடிவில் கொச்சியில் கடல்மட்டம் சுமார் 2.3 அடி, அதாவது 70 சென்டிமீட்டர், உயர்ந்திருக்கும்.

சேதத்தைக் காண அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கிடங்குச் சுவர்களின் செம்புரைக்கல் நுண்துளைகள் நிறைந்தது. உவர்நீர் அதன் வழியே சுவரில் ஏறும். நீர் காயும், உப்பு தங்கும். உப்புப் பளிங்குகள் பருத்துக் கல்லைப் பொடியாக்கும். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட்டது. புதுப்பிக்கும்போது சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும்; அது இன்னும் மேலே ஏறும். மேலே, உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் செருகியிருக்கின்றன. மரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது. புதுச் சாயம் சில ஆண்டுகளுக்கு எல்லாவற்றையும் மறைக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓதத்தோடு கனமழையும் சேர்ந்தால் கால்வாய் நீர் கடலுக்கு வடியாது. சாக்கடை வழியே தெருவுக்குத் திரும்பும்.

மட்டாஞ்சேரியில் கிடங்கைக் குத்தகைக்கு எடுப்பவர்கள், உயர் ஓத மட்டத்துக்கு மேல் தரை எத்தனை சென்டிமீட்டர் என்பதை அளந்து, ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.