டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லையா?

கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இரவும் பகலும் ஒன்றே. மோகனூர், செய்யாறு, மூங்கில்துறைப்பட்டு முதலிய ஊர்களிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர்கள் இருட்டிலும் சாலையில் ஊர்கின்றன. அவற்றின் பின்னால் வரும் டிரெய்லர்களில் விளக்கு எரியாதவையும் உண்டு. மெல்ல நகரும் அச்சுமையைப் பின்னால் விரைந்து வரும் மோட்டார் சைக்கிள்காரர் காணும்போது, பிரேக் பிடிக்கத் தூரம் மிஞ்சியிருப்பதில்லை. பத்து ரூபாய்க் கம்பி அறுந்ததற்காக ஓர் உயிர் போகலாகாது.

விளக்கு எரியவில்லையென்றால் உடனே புதுப் பல்பு வாங்கி மாட்டுவதே பலரது வழக்கம். அது நோயை அறியாமல் மருந்து கொடுப்பதாகும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் பிரிப்பதில்லை. அறுந்த இழை எந்த விழுதில் ஓடியதென்று பார்த்து, அதை மட்டும் எடுத்து முடிகிறார். மின்கம்பியிலும் அந்த முறையையே நாம் கையாள வேண்டும்.

முதலில் இழைகளை அறிந்துகொள்வோம். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் 12 வோல்ட் பிளக்கில் 7 முனைகள் உள்ளன. சர்வதேசத் தரமுறைப்படி 1ஆம் முனை இடப்புற இண்டிகேட்டர். 3ஆம் முனை எர்த். 4ஆம் முனை வலப்புற இண்டிகேட்டர். 5ஆம் முனை வலப்புறப் பின்விளக்கு. 6ஆம் முனை பிரேக் விளக்கு. 7ஆம் முனை இடப்புறப் பின்விளக்கு. 2ஆம் முனை மூடுபனி விளக்குக்கென ஒதுக்கப்பட்டது. கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். பட்டறையில் கிடைத்த கம்பியைச் சேர்த்திருப்பார்கள். பிளக்கிலுள்ள எண்களே சான்று.

இவற்றுள் 3ஆம் முனையின் கதை தனியானது. மற்ற முனைகள் ஒவ்வொன்றும் ஓரிரு விளக்குகளுக்கே மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன; திரும்பும் மின்சாரம் முழுவதும் எர்த் கம்பி ஒன்றன் வழியாகவே வரவேண்டும். 21 வாட் பிரேக் பல்பு இரண்டு, 21 வாட் இண்டிகேட்டர் ஒன்று, 5 வாட் பின்விளக்கு இரண்டு ஆகியவை ஒரே சமயத்தில் எரியும்போது ஏறக்குறைய 6 ஆம்பியர் அதில் பாய்கிறது. அங்கே துருவினால் அரை ஓம் தடை ஏற்பட்டாலும் 2 வோல்டுக்கு மேல் வீணாகி விளக்குகள் மங்கிவிடும்.

எர்த் அறவே அறுந்தாலோ வேடிக்கையான காட்சிகள் தோன்றும். இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு மினுக்கும்; பிரேக்கை மிதித்தால் இருபுற இண்டிகேட்டரும் மங்கலாக எரியும். திரும்ப வழியற்ற மின்சாரம் பிற பல்புகளின் வழியே புகுந்து செல்வதே இதன் காரணம். சில வேளைகளில் கொக்கியின் இரும்பு வழியாகவே மின்சாரம் திரும்பிவிடும். அப்போது நின்ற இடத்தில் விளக்கு நன்றாக எரிந்து, பள்ளத்தில் குலுங்கும்போது அணையும். இவ்வறிகுறிகளைக் கண்டால் பல்பைத் தொடாமல் எர்த்தையே முதலில் பார்க்க வேண்டும்.

இனிச் சோதிக்கும் முறை. 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைச் சேர்த்தால் அதுவே டெஸ்ட் லாம்பு. ஒரே நரம்பில் தொங்கும் கம்பிகூட மீட்டரில் 12 வோல்ட் காட்டி நம்மை ஏமாற்றும், பல்பு ஏமாற்றாது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, டிராக்டரின் சாக்கெட்டில் ஒரு கம்பியை 3ஆம் முனையிலும் மற்றதை ஏனைய முனைகளிலும் வரிசையாக வைக்கவும். உடனிருப்பவர் அந்தந்தச் சுவிட்சைப் போடவேண்டும். எல்லாவற்றிலும் பிரகாசமாக எரிந்தால் குற்றம் டிரெய்லரில் உள்ளது. எதிலுமே எரியாமல், 3ஆம் முனைக்குப் பதிலாக டிராக்டரின் சுரண்டிய இரும்பில் வைத்ததும் எரிந்தால், சாக்கெட்டின் எர்த் கெட்டிருக்கிறது. ஒரு முனையில் மட்டும் எரியாவிட்டால் அதற்குரிய பியூஸையும் கம்பியையும் பார்க்கவும்.

டிராக்டர் பக்கம் சரியென்று தெரிந்தபின் பிளக்கை மாட்டி, டிரெய்லரின் இரும்புச் சட்டத்திலிருந்து டிராக்டரின் சட்டத்துக்குத் தடித்த கம்பி ஒன்றைத் தற்காலிகமாக இணைக்கவும். விளக்குகள் உடனே தெளிந்தால் குற்றவாளி எர்த்தே. இணைப்பைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டால் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுக.

பியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பியையோ சிகரெட் காகிதத்தையோ வைப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். பியூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லாம்பை இணையுங்கள். கம்பி இரும்பில் உரசிக்கொண்டிருக்கும்வரை அது பிரகாசமாக எரியும். கேபிளை அடிக்கு அடி அசைத்துக்கொண்டே செல்லுங்கள். எவ்விடத்தில் அசைக்கும்போது ஒளி குறைகிறதோ அங்கேதான் உறை கிழிந்திருக்கிறது. கொக்கிக்கு அருகிலும் சட்டத்தின் துளைகளிலுமே பெரும்பாலும் இக்குறை காணப்படும்.

விளக்குகள் எரிந்தால் மட்டும் போதாது. தொங்கும் கரும்புத்தோகை அவற்றை மறைக்காதவாறு சுமையைக் கட்டவேண்டும். மின்சாரம் தவறினாலும் காப்பாற்றுவதற்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர்கள் இருபுறமும் இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு சங்கமும் ஒரு டெஸ்ட் லாம்பு, சில பல்புகள், பியூஸ்கள், ஒரு பிளக் ஆகியவற்றைத் தன் கிடங்கில் வைத்திருப்பது பெரும் செலவன்று. அரவை தொடங்குமுன் ஒரு நாள் மாலையில் அங்கத்தினர்களின் டிரெய்லர்களை வரிசையாக நிறுத்திச் சோதித்துவிட்டால், பருவம் முழுவதும் கவலையில்லை. நம் கரும்பு ஆலைக்குப் போய்ச் சேருவதோடு, அதன் பின்னே வருபவரும் தம் வீடு போய்ச் சேரவேண்டும்.